கூலியும் கோடியும் – 14: டெட்ராய்ட் கணக்கு

1954 டிசம்பர் 29. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அந்த முறை மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் நடந்தது. தலைமையுரை ஆற்ற எழுந்தவர் சைமன் குஸ்நெட்ஸ். ரஷ்யப் பேரரசின் பின்ஸ்க் நகரில் பிறந்து, இருபத்தோரு வயதில் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஒரு நாட்டின் வருமானத்தை எப்படிக் கூட்டிக் கணக்கெடுப்பது என்று அமெரிக்க அரசுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

அன்று அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு நாடு வளர வளர, ஏழைக்கும் பணக்காரருக்கும் உள்ள இடைவெளி கூடுமா, குறையுமா? அதற்கு அவரிடம் அப்போது யாரிடமும் இல்லாத ஒரு சரக்கு இருந்தது. 1913-லிருந்து 1948 வரையிலான வருமான வரிக் கணக்குகளை உட்கார்ந்து அலசியிருந்தார். முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் நாட்டின் மொத்த வருமானத்தில் 45 முதல் 50 சதவீதம் வரை மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருக்குப் போய்க்கொண்டிருந்தது. 1940-களின் இறுதியில் அது 30–35 சதவீதமாகச் சுருங்கிவிட்டிருந்தது. சென்ற வாரம் நாம் 1929 பங்குச் சந்தைச் சரிவோடு நிறுத்தினோம் அல்லவா, அந்தச் சரிவுக்கு முந்தைய ஆண்டில்கூட ஏறக்குறைய பாதி மேலேதான் போனது. இருபது ஆண்டுகளில் இவ்வளவு இறக்கம்!

குஸ்நெட்ஸ் ஒரு விளக்கம் சொன்னார். வயலை விட்டு ஆலைக்கு மக்கள் நகரும்போது இடைவெளி முதலில் விரியும். பெரும்பாலோர் நகர்ந்து முடித்ததும் சுருங்கும். விரிவது சுருங்குவதற்கு முந்தைய கட்டம், அவ்வளவுதான். ஆனால் மனுஷர் நேர்மையானவர். இதில் ஐந்து சதவீதம்தான் தகவல், தொண்ணூற்றைந்து சதவீதம் யூகம், அதிலும் கொஞ்சம் என் ஆசையும் கலந்திருக்கலாம் என்ற பொருளில் அதே உரையில் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கடைசி வரியை உலகம் காதில் வாங்கவில்லை. விரிந்து சுருங்கும் வளைகோட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. 'குஸ்நெட்ஸ் வளைகோடு' பாடப்புத்தகம் ஏறியது. பனிப்போர்க் காலத்தில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கெல்லாம் அதுவே மருந்துச்சீட்டு: முதலில் வளருங்கள், ஏற்றத்தாழ்வு தானாக இறங்கும்.

தானாகவா இறங்கியது? குஸ்நெட்ஸ் பேசிய மாநிலத்திலேயே அதற்கு விடை இருந்தது. ஆகவே இந்த வாரம் மிச்சிகனை விட்டு அதிகம் வெளியே போகாமல் பார்ப்போம்.

*

நம் மறைமலைநகரில் கார் செய்த அதே ஃபோர்டிலிருந்து தொடங்கலாம். 1914 ஜனவரி 5 அன்று ஹென்றி ஃபோர்டு ஓர் அறிவிப்பு விட்டார்: எட்டு மணி நேர வேலை, நாளுக்கு 5 டாலர். அதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட். நாடே வாயைப் பிளந்தது. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் ஆலையின் வாசலில் கொட்டும் பனியில் ஆயிரக்கணக்கானோர் வேலை கேட்டு முண்டியடித்தார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்தார்கள்.

ஃபோர்டின் இந்த ஐந்து டாலரைத் தாராள மனசின் அடையாளமாகச் சொல்லும் கதை இன்றும் ஓடுகிறது. கணக்கு வேறு. நகரும் பட்டறை வரிசையில் ஒரே திருகை நாள் முழுக்க முடுக்குவதை மனிதர்களால் தாங்க முடியவில்லை. ஓடிப்போனார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு 1913-ல் மட்டும் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆட்களை நிறுத்திவைக்க அவர் கொடுத்த விலைதான் அந்த ஐந்து டாலர். அதுவும் சும்மா கிடைக்காது. 'சமூகவியல் துறை' என்று ஒன்றை வைத்து, தொழிலாளியின் வீட்டுக்கு ஆளனுப்பி, குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் முழுத் தொகை. முதலாளி மனம் வைத்தால் கொடுப்பார், மனம் மாறினால் எடுப்பார். 1920-களின் இடைவெளியை இதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இடைவெளியை உண்மையில் அசைத்தது டெட்ராய்ட்டிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் வடக்கே இருந்த ஃபிளின்ட் நகரம். ஜெனரல் மோட்டார்ஸின் கோட்டை அது. 1936 டிசம்பர் 30 இரவு, ஃபிஷர் பாடி முதலாம் ஆலையில், தகட்டை அழுத்திக் காரின் உடற்பகுதியாக்கும் டைகளை ரயில் பெட்டியில் ஏற்றுவதைத் தொழிலாளர்கள் பார்த்தார்கள். சங்கம் வலுவில்லாத ஊர்களுக்கு வேலையைக் கடத்தப் போகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. இயந்திரங்களை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள்.

உள்ளிருப்புப் போராட்டத்தின் சூட்சுமம் எளிது. வாசலுக்கு வெளியே நின்றால் போலீஸ் அடித்து விரட்டும், கருங்காலிகளை உள்ளே விட்டு ஆலையை ஓட்டுவார்கள். உள்ளே, இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால் கருங்காலியும் வர முடியாது, டையும் வெளியே போக முடியாது. குண்டு வீசினால் கம்பெனியின் இயந்திரம்தான் சேதமாகும்.

நாற்பத்துநான்கு நாள் உட்கார்ந்திருந்தார்கள். கார்களுக்கென்று வைத்திருந்த இருக்கைகளை வரிசையாகப் போட்டுப் படுத்தார்கள். ஆலைக்குள் சாராயம் கூடாது என்று தாங்களே சட்டம் போட்டார்கள். தினமும் கூட்டிப் பெருக்கினார்கள். விதியை மீறியவரை விசாரிக்கத் தங்களுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்தும் வைத்துக்கொண்டார்கள். எதிரே ஓர் உணவகத்தில் பெண்கள் சமைத்துச் சாப்பாடு அனுப்பினார்கள். வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்ட நீதிபதியிடம் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளே 3,000-க்கு மேல் இருந்தது வெளியே வந்ததும், அந்த உத்தரவு சிரிப்பாய்ச் சிரித்தது.

1937 ஜனவரி 11 அன்று, வெடவெடக்கும் குளிரில், ஃபிஷர் பாடி இரண்டாம் ஆலையில் வெப்பத்தை நிறுத்தினார்கள், சாப்பாட்டை மறித்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளிருந்தவர்கள் கார்க் கதவின் கனத்த இரும்புக் கீல்களை எறிந்தார்கள், தீயணைப்புக் குழாயைத் திருப்பிவிட்டார்கள். காற்றும் திசை மாறிப் புகையைப் போலீஸ் மேலேயே தள்ளியது. போலீஸ் ஓடியது, ஓடும்போது சுட்டது. பத்துப் பேருக்கு மேல் குண்டடி பட்டார்கள்.

இங்கேதான் ஒருவரின் முடிவு வரலாற்றைத் திருப்பியது. மிச்சிகன் ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி படையை ஃபிளின்டுக்கு அனுப்பினார். ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தார். அதுவரை அமெரிக்க வேலைநிறுத்தங்களில் படை வந்தால் பெரும்பாலும் முதலாளிக்காகத்தான் வரும். இந்த முறை அப்படி வரவில்லை. பிப்ரவரி 11 அன்று உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம் தொழிற்சங்கத்தோடு கையெழுத்திட்டது. சுமார் 30,000 பேர் இருந்த ஒன்றிணைந்த வாகனத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஓராண்டுக்குள் 5 லட்சத்தை நெருங்கியது. ஃபோர்டு மட்டும் முரண்டு பிடித்து, அடியாட்களை வைத்துச் சங்கத் தலைவர்களில் ஒருவரான வால்டர் ராய்தரை ஆலை வாசலிலேயே அடித்து, 1941-ல்தான் பணிந்தது.

பிறகு போர். 1942-லிருந்து சம்பள உயர்வுக்குப் போர்த் தொழிலாளர் வாரியத்தின் அனுமதி வேண்டும். கீழே இருப்பவருக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது, மேலே இருப்பவருக்கு இல்லை. வரி கழித்த பிறகு யார் கையிலும் ஆண்டுக்கு 25,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யோசனை சொன்னார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை என்றாலும், 1944-ல் வருமான வரியின் உச்ச விகிதம் 94 சதவீதத்துக்குப் போனது.

குஸ்நெட்ஸின் கணக்கில் தெரிந்த அந்த இறக்கத்துக்குள் இதெல்லாம் இருக்கிறது. கீல் எறிந்தவர்கள், படையை ஏவ மறுத்த ஆளுநர், வரிச்சட்டம், போர்.

*

1950 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸும் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 'ஃபார்ச்சூன்' இதழ் அதற்கு 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்று பெயர் வைத்தது. இரண்டு நாடுகள் போரை முடித்துக்கொள்வது போன்ற பெயர், பொருத்தமானதுதான்.

அதில் இருந்த முக்கியமான இரண்டு பிரிவுகளைக் கவனியுங்கள். விலைவாசி ஏறினால் சம்பளமும் கூடவே ஏறும்; நாம் பஞ்சப்படி என்கிறோமே, அதுதான். அதற்கு மேல், தொழில்நுட்பம் வளர்ந்து உற்பத்தித்திறன் கூடுவதால் ஆண்டுதோறும் மணிக்கு 4 சென்ட் தனியாக உயரும். இயந்திரம் வேகமானால் அதன் பலனில் தொழிலாளிக்கும் பங்கு என்பது எழுத்தில் வந்துவிட்டது. மாதம் 125 டாலர் ஓய்வூதியமும் (அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகையையும் சேர்த்து), மருத்துவக் காப்பீட்டில் பாதிச் செலவும் இதோடு வந்தன.

ஃபோர்டும் கிரைஸ்லரும் பின்தொடர்ந்தன. எஃகு, ரப்பர் ஆலைகளும் வந்தன. சங்கமே இல்லாத கம்பெனிகள்கூட, சங்கம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் சம்பளத்தை உயர்த்தின. 1950-களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினர். 1947-க்கும் 1973-க்கும் இடையில் நாட்டின் உற்பத்தித்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நடுத்தரக் குடும்பத்தின் வருமானமும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அந்தச் சொல்லைத் தொட மாட்டேன். தொழிற்சங்க உரிமையைச் சட்டமாக்கிய 1935-ன் வேக்னர் சட்டம், விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். தென்னக உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் ரூஸ்வெல்டின் சட்டங்கள் நிறைவேறுவது கடினம். கார் ஆலைகளுக்குள்ளும் வார்ப்புச் சூளை, பெயின்ட் பிரிவு என்று உடம்பை உருக்கும் இடங்களில்தான் கறுப்பினத் தொழிலாளிகளை நிறுத்தினார்கள்.

உடன்படிக்கைக்குள்ளேயே இன்னொரு ஓட்டையும் இருந்தது. 1945–46-ல் ஜெனரல் மோட்டார்ஸில் 113 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது ராய்தர் ஒரு பெரிய கோரிக்கை வைத்தார்: கார் விலையை ஏற்றாமல் சம்பளத்தை 30 சதவீதம் உயர்த்துங்கள், முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். கம்பெனி மறுத்தது. 1950-ல் சங்கம் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. சம்பளம் எங்களுடையது; விலை, முதலீடு, ஆலையை எங்கே கட்டுவது என்பதெல்லாம் உங்கள் பாடு என்று ஆனது. அந்த ஓட்டை நகரத்தின் கணக்கில் தெரிந்தது. 1947-லிருந்து 1963-க்குள் டெட்ராய்ட் நகரம் 1,34,000 ஆலை வேலைகளை இழந்தது. குஸ்நெட்ஸ் மேடையேறிய அந்த டிசம்பரிலேயே ஊர் கசியத் தொடங்கிவிட்டிருந்தது.

*

மேலே இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள்? டெட்ராய்ட்டின் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராக ஜார்ஜ் ராம்னி என்று ஒருவர். 'ராம்ப்ளர்' என்ற சிறிய காரை முன்னிறுத்தி, விழப்போன கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர். 1960-ல் இயக்குநர் குழு அவருக்கு 1 லட்சம் டாலர் போனஸ் தர முன்வந்தது. வேண்டாம் என்றார். எந்த நிர்வாகிக்கும் ஆண்டுக்கு 2,25,000 டாலருக்கு மேல் தேவையில்லை என்பது அவர் கட்சி. ஐந்தாண்டுகளில் அப்படி மறுத்த தொகை 2,68,000 டாலர்.

நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்ல குணத்துக்கு ஆகும் செலவு அன்று குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். உச்ச வருமான வரி 91 சதவீதம். ஓட்டைகள் வழியாக நழுவியவர்கள் பலர் என்றாலும், அந்த உயரத்தில் வரும் ஒரு லட்சத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குத்தான் போயிருக்கும். கைக்கு வராத பணத்துக்காக இயக்குநர் குழுவோடு மல்லுக்கட்ட எந்த நிர்வாகிக்கு ஆசை வரும்? அதிக வரி அரசின் பெட்டியை நிரப்பியதைவிட, பேராசையின் முனையை மழுக்கியதுதான் பெரிய காரியம் என்று தாமஸ் பிக்கெட்டி, இமானுவேல் சாயெஸ் போன்றோர் பிற்பாடு வாதிட்டார்கள். ராம்னியைப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது.

1967-ல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றபோது ராம்னி தன் பன்னிரண்டு ஆண்டு வரிக் கணக்குகளை வெளியிட்டார். வருமானத்தில் சுமார் 37 சதவீதத்தை வரியாகக் கட்டியிருந்தார். இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

*

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. விலைவாசி பறந்தது, உற்பத்தித்திறன் தளர்ந்தது, ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. டெட்ராய்ட் கம்பெனிகள் பெட்ரோலைக் குடிக்கும் பெரிய கார்களோடு மாட்டிக்கொண்டன. பஞ்சப்படி விலைவாசியோடு ஏற, விலைவாசி பஞ்சப்படியோடு ஏற, 1950-ன் ஏற்பாடு தானே தள்ளாடியது உண்மை. அதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளாடியதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை மனிதர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவுகளுக்குத் தேதி இருக்கிறது.

1978-ல் சங்கம் அமைப்பதை எளிதாக்கும் ஒரு சட்ட மசோதா செனட்டுக்கு வந்தது. ஜனாதிபதி கார்ட்டர் ஜனநாயகக் கட்சி. இரு அவைகளிலும் அதே கட்சிக்குப் பெரும்பான்மை. பெருநிறுவனங்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. பேசிப்பேசியே இழுத்தடிக்கும் உத்தியை முறிக்க 60 ஓட்டு வேண்டும்; 58-ஐத் தாண்ட முடியவில்லை. அந்த ஜூலையில் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் டக்ளஸ் ஃபிரேசர், முதலாளிகளோடு கூடி உட்கார்ந்திருந்த குழுவிலிருந்து விலகிக் கடிதம் எழுதினார். இந்நாட்டின் தொழிலதிபர்கள் ஒருதலையான வர்க்கப் போரைத் தொடங்கிவிட்டார்கள் என்பது அதன் சாரம். உடன்படிக்கையின் ஒரு தரப்பே அது செத்துவிட்டதாகச் சொன்ன கடிதம் அது.

அடுத்தது பால் வோல்க்கர். 1979-ல் மத்திய வங்கித் தலைவரானவர், விலைவாசியை அடக்க வட்டியை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றினார். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் அமெரிக்கர் கார் வாங்குவார்கள், விற்பனை படுத்தது. 1982 இறுதியில் நாட்டின் வேலையின்மை 10.8 சதவீதம். மிச்சிகனில் அதைவிட மோசம்.

இதற்கு நடுவே, 1981 ஆகஸ்ட் 3. அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 10,000 டாலர் உயர்வும், வாரம் 32 மணி நேர வேலையும் அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். இதில் உள்ள விநோதம், முந்தைய தேர்தலில் ஜனாதிபதி ரீகனை ஆதரித்த மிகச் சில சங்கங்களில் அவர்களுடையதும் ஒன்று. ரீகனும் ஒரு காலத்தில் திரைப்பட நடிகர் சங்கத் தலைவராக இருந்து வேலைநிறுத்தம் நடத்தியவர்தான்.

மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். ஆனால் 1970-ல் தபால் ஊழியர்கள் சுமார் 2 லட்சம் பேர் இதே சட்டத்தை மீறியபோது அன்றைய ஜனாதிபதி நிக்சன் பேச்சுவார்த்தை நடத்திச் சம்பளம் உயர்த்தினார். ரீகன் 48 மணி நேரக் கெடு வைத்தார். கெடு முடிந்ததும் 11,345 பேரை வீட்டுக்கு அனுப்பினார். ராணுவத்தினரையும் மேற்பார்வையாளர்களையும் வைத்து விமானப் போக்குவரத்தை நடத்தினார். விமானிகளும் மெக்கானிக்குகளும் மறியல் கோட்டைக் கடந்து வேலைக்குப் போனார்கள். நீக்கப்பட்டவர்கள் மீண்டும் மத்திய அரசின் இந்தப் பணிக்கு வர 1993 வரை தடை இருந்தது. விலைவாசிப் போரில் ரீகன் அரசு செய்த மிகப் பெரிய உதவி இந்த வேலைநிறுத்தத்தை முறியடித்ததுதான் என்ற கருத்தை வோல்க்கரே பிற்பாடு சொன்னார். வட்டியை ஏற்றியவர் வாயாலேயே வந்த வாக்குமூலம்.

இதைத் தனியார் முதலாளிகள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் முக்கியம். வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1938-லேயே சொல்லியிருந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பெரிய கம்பெனிகள் அந்தக் கத்தியை உறையிலிருந்து எடுக்கத் தயங்கின. அசிங்கம் என்று ஒரு கூச்சம். ஜனாதிபதியே செய்துவிட்ட பிறகு கூச்சம் எதற்கு? 1983-ல் அரிசோனாவின் செம்புச் சுரங்கங்களில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ், 1985-ல் மினசோட்டாவின் இறைச்சி ஆலையில் ஹார்மெல், 1987-ல் இன்டர்நேஷனல் பேப்பர் என்று வரிசை நீண்டது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக 280-க்கு மேல். 1990-களில் சுமார் 35.

அதே ஆண்டுகளில் மேல்தளத்துக்கான கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உச்ச வருமான வரி 1964 சட்டத்திலேயே 70 சதவீதமாக இறங்கத் தொடங்கியிருந்தது, 1981 சட்டம் அதை 50 ஆக்கியது, 1988-ல் 28. 1982-ல் பங்குச் சந்தை ஆணையம், கம்பெனிகள் தங்கள் பங்கையே சந்தையில் திரும்ப வாங்கிக்கொள்ள வழிவிட்டது. அதுவரை அப்படி வாங்கினால் விலையைச் செயற்கையாக ஏற்றிய குற்றச்சாட்டு வரலாம் என்று பயந்தார்கள். ஆணையத்தின் தலைவர் ஜான் ஷாட் வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தவர். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ 1981 ஜனவரியிலிருந்து 1990 ஏப்ரல் வரை 3 டாலர் 35 சென்டிலேயே நின்றது.

ஜனாதிபதி கிளின்டன் வந்து சரி செய்ய முயன்ற கதை வேடிக்கையானது. நிர்வாகிகளின் சம்பளம் எல்லை மீறுகிறது என்று 1993-ல் ஒரு சட்டம்: 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தால் அதைக் கம்பெனி வரிக்கழிவில் காட்ட முடியாது. ஆனால் செயல்திறனோடு இணைந்த ஊதியத்துக்கு விலக்கு. அவ்வளவுதான், சம்பளத்தைக் குறைத்துப் பங்கு விருப்புரிமையாகக் கொட்டினார்கள். பங்கு விலை ஏறினால் நிர்வாகிக்குக் கோடி. பங்கு விலையை ஏற்ற, கம்பெனிப் பணத்தில் பங்கைத் திரும்ப வாங்கலாம். வாங்க உத்தரவு போடுவதும் அதே நிர்வாகி. வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரையே வாய்க்காலாகிப் போனது. 1965-ல் பெரிய கம்பெனித் தலைவரின் ஊதியம் சாதாரணத் தொழிலாளியின் ஊதியத்தைப்போல் சுமார் 20 மடங்கு என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் கணக்கிடுகிறது. சமீப ஆண்டுகளில் அது ஏறக்குறைய 300 மடங்கு.

ராம்னி வீட்டுக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். ஜார்ஜின் மகன் மிட் ராம்னி டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பா கார் செய்தார். மகன் 1984-ல் பெய்ன் கேப்பிட்டல் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, கம்பெனிகளை வாங்கி விற்றார். 2012-ல் அவரும் ஜனாதிபதி வேட்பாளரானார். வரிக் கணக்கை வெளியிட்டார். 2010-ல் வருமானம் சுமார் 2.17 கோடி டாலர். கட்டிய வரி 13.9 சதவீதம். சட்டவிரோதமாக ஒரு சென்ட்கூட இல்லை. அவர் வருமானத்தில் பெரும்பகுதி முதலீட்டிலிருந்து வந்தது. அதற்கு அன்று 15 சதவீத வரிதான். அப்பாவையும் மகனையும் ஒப்பிட்டு, மகனைத் திட்டுவது சுலபம். மகன் கெட்டவர் அல்ல. அப்பா காலத்துச் சட்டத்தில் மகன் இருந்திருந்தால் அவரும் போனஸ் வேண்டாம் என்றிருக்கக்கூடும்.

*

இதற்கெல்லாம் கணினியும் உலகமயமும்தான் காரணம் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. படித்தவருக்குச் சம்பளம் ஏறியது, படிக்காதவரின் வேலை வெளிநாடு போனது, எல்லாம் உண்மை. ஆனால் கணினி பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் வந்தது. சீனப் பொருள் அங்கேயும் இறங்கியது. 1980-ல் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மேல் 1 சதவீதத்தினரின் பங்கு மொத்த வருமானத்தில் சுமார் 10 சதவீதமாக இருந்தது. 2016-ல் ஐரோப்பாவில் 12, அமெரிக்காவில் 20. அமெரிக்காவின் கீழ்ப்பாதி மக்களின் பங்கு 20-க்கு மேலிருந்து 13-க்கு இறங்கியது. வரியையும் அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இந்த ஏற்றம் மிகக் குறைவு என்று ஜெரால்ட் ஆட்டன், டேவிட் ஸ்பிளின்டர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் வாதிடுகிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. ஃபிளின்டில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இருக்காது என்று நினைக்கிறேன். 1978-ல் சுமார் 80,000 பேருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வேலை கொடுத்த ஊர் அது. 1960-ல் கிட்டத்தட்ட 2 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020-ல் 81,000. செலவை மிச்சம் பிடிக்க 2014-ல் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டு, ஈயம் கலந்த நீரைக் குடித்த ஊரும் அதுவே.

2007-ல் சங்கமே இரட்டைச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டது. ஒரே வரிசையில் ஒரே திருகை முடுக்கும் இருவரில் பழையவருக்கு மணிக்கு 28 டாலர், புதியவருக்குச் சுமார் பாதி. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது 1950 உடன்படிக்கைக்கும் முன்பே, 1948-லிருந்து வந்த பஞ்சப்படியும் போனது.

2023 செப்டம்பர் 15 அன்று டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளையும் எதிர்த்து ஒரே நேரத்தில், தேர்ந்தெடுத்த ஆலைகளில் மட்டும், சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரின் முந்தைய ஆண்டு ஊதியம் சுமார் 2.9 கோடி டாலர்; அதை மேடைக்கு மேடை சொன்னார்கள். ஆறு வாரத்தில் நான்கரை ஆண்டுக்கு 25 சதவீத உயர்வும், பஞ்சப்படியும் கிடைத்தன. இரட்டைச் சம்பளமும் பெருமளவு ஒழிந்தது. நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிலாளர்கள் பெற்ற பெரிய வெற்றிகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்களில் 55 சதவீதம் பேர்தான் ஒப்பந்தத்தை ஏற்று ஓட்டுப் போட்டார்கள். ஃபிளின்ட் ஆலையில் பெரும்பான்மையோர் எதிர்த்தே போட்டார்கள். இது போதாது என்பது அவர்கள் கணக்கு.

ஓட்டு எண்ணி முடித்த இரண்டு வாரத்துக்குள், நவம்பர் 29 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 1,000 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை எகிறியது.

அடுத்த வாரம் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறோம்: 1984 மார்ச், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கங்கள், மார்கரெட் தாட்சர்.

(தொடரும்)